9000மா, 12000மா, 18000மா: யாழ்ப்பாணத்து அறைக்கு எந்த ஏசி காணும்?

அம்மா படுக்கும் அறை 12 அடிக்கு 12 அடி. நாலு வருடத்துக்கு முதல் அதற்குள் 18000 ஏசி ஒன்றைப் பூட்டினோம். ரொறன்ரோவிலிருந்து காசு அனுப்பிய அண்ணா அனுப்பும்போதே சொல்லிவிட்டார், "பெரிசாப் போடு, நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தால் நாங்கள் எல்லாரும் அந்த அறைக்குள்ளதான் படுப்பம்." கடையில் நின்றவரும் அதற்கு ஒத்துப் பாடினார். பெரிய மெஷின் கெதியாகக் குளிராக்கிவிட்டு நின்றுவிடும், கறண்டும் மிச்சம் என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

அந்தக் கார்த்திகை மழைக்குத்தான் விசயம் விளங்கியது. அறை ஐந்து நிமிடத்தில் குளிர்ந்து மெஷின் நின்றுவிடும், கொஞ்ச நேரத்தில் திரும்ப ஓடும், திரும்ப நிற்கும். போர்வை, தலையணை எல்லாம் ஒரு ஈரலிப்போடு இருக்கும். அலுமாரிக்குள் இருந்த கூறைச்சேலையில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. அம்மா குளிருது என்று நிப்பாட்டுவா, நிப்பாட்டிப் பத்து நிமிடத்தில் அவியுது என்று திரும்பப் போடுவா, அப்படியே விடிந்துவிடும். பழுது என்று நினைத்து இரண்டு தரம் ஆள் கூப்பிட்டுக் காட்டினோம். மெஷினில் ஒரு பழுதும் இல்லை. அந்த அறைக்கு அது பெரிசு, அவ்வளவுதான்.

அதே காலத்தில் எங்கள் ஒழுங்கையில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவுக்கு நேர்மாறான கதை. 15க்கு 12 அடி, அஸ்பெஸ்ரஸ் சீற் கூரை, சீலிங் இல்லை. அதற்குள் 9000 ஒன்று. காலை பத்து மணிக்குப் போட்டால் பின்னேரம் ஐந்து மணிவரை ஒரு நிமிடமும் ஓயாமல் ஓடும், ஆனாலும் தைக்கிற பிள்ளைகளுக்கு வேர்வை நிற்காது, பில் மட்டும் ஏறும். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான், எத்தனை அடி அறை என்ற ஒரே கேள்வியோடு கடைக்குப் போவது எவ்வளவு பிழை என்று உறைத்தது. தலைக்கு மேலே என்ன கூரை, எந்த நேரத்தில் ஏசி போடப் போகிறீர்கள், இந்த இரண்டும்தான் அளவைத் தீர்மானிக்கிறது. அடிக்கணக்கு அதற்குப் பிறகு.

முதலில் இந்த எண்கள் என்ன என்று பார்த்துவிடுவோம். 12000 என்பது மணித்தியாலத்துக்கு 12000 பி.ரி.யூ., பி.ரி.யூ. என்பது வெப்பத்தை அளக்கிற ஒரு அலகு. ஐஸ் கட்டியை வைத்துக் குளிராக்கிய காலத்துக் கணக்கு அது: 2000 இறாத்தல் ஐஸ் 24 மணித்தியாலத்தில் முழுதாக உருகினால் எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ, அந்த வேகம்தான் 12000. அதனால்தான் அதை ஒரு தொன் என்றும் சொல்வார்கள். வாட்டில் சொன்னால் சுமார் 3500. இது மெஷின் குடிக்கும் கறண்ட் இல்லை, அறைக்குள்ளிருந்து அள்ளி வெளியே கொட்டும் வெப்பம். குடிக்கும் கறண்ட் ஏறக்குறைய அதில் மூன்றில் ஒரு பங்கு, 1.1 கிலோவாட் அளவில் வரும்.

அண்ணாவின் வீட்டில் குளிர்காலத்துக்குப் பூட்டியிருக்கும் ஹீட் பம்பும் இதே மெஷின்தான், திசையை மாற்றி ஓட்டுகிறார்கள், வெளியே இருக்கும் வெப்பத்தை அள்ளி உள்ளே கொட்டுகிறது. ஆனால் அளவு பார்க்கிற கணக்கு வேறு. அங்கே வெளியே சுழியத்துக்குக் கீழே 20 பாகை, உள்ளே 20 பாகை, இடைவெளி 40. அதிலும் வெளியே குளிர் கூடக் கூட மெஷினின் பலம் குறையும், வீட்டுக்குத் தேவை கூடும், அதனால் அவர்கள் ஆகக் குளிரான நாளை மனதில் வைத்துத்தான் அளவு எடுக்க வேண்டும். இங்கே சித்திரை வெயிலிலும் வெளியே 34, உள்ளே 26 வைத்தால் இடைவெளி வெறும் 8 பாகை. அப்படியென்றால் எங்களை அவிப்பது வெளிக்காற்றின் சூடு மட்டும் இல்லை. கூரையில் விழுகிற வெயிலும் காற்றில் இருக்கிற ஈரமும்தான். அண்ணா "பெரிசாப் போடு" என்றபோது அந்த ஊர்ப் பழக்கத்தில் சொன்னார் என்று பிறகு விளங்கியது. ஆனால் அளவுக்கு மிஞ்சிப் போட்டால் அங்கேயும் இதே நின்று நின்று ஓடும் கரைச்சல்தான் என்று பிறகொருநாள் அவரே சொன்னார்.

ஈரத்தை ஏன் இவ்வளவு பெரிசாக எடுக்கிறேன் என்றால், ஏசிக்கு இரண்டு வேலை இருக்கிறது. காற்றைக் குளிராக்குவது ஒன்று, காற்றில் இருக்கும் தண்ணீரைப் பிடித்து வெளியே விடுவது மற்றது. உள் மெஷினில் இருக்கும் குளிர்ந்த தகடுகளில் நீர் பூத்து, துளியாகி, வடிந்து, குழாய் வழியே வெளியே போகக் கொஞ்ச நேரம் எடுக்கும். ஐந்து நிமிடத்தில் நின்றுவிடுகிற மெஷினில் அந்தத் தண்ணீர் தகட்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், ஃபான் சுற்றச் சுற்ற திரும்ப அறைக்குள்ளேயே வரும். அம்மாவின் அறையில் நடந்தது அதுதான். ஒரு லீற்றர் தண்ணீரைக் காற்றிலிருந்து பிடிக்க 2300 பி.ரி.யூ. அளவு வேலை செய்ய வேண்டும், சின்ன வேலை இல்லை. உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஏசி இருந்தால் இன்றிரவே தண்ணீர்க் குழாய்க்குக் கீழே ஒரு வாளியை வைத்துப் பாருங்கள். மழைக்காலத்து இரவு முழுக்க ஓடியும் வாளியின் அடி மட்டும் நனைந்திருந்தால் மெஷின் பெரிசோ என்று சந்தேகப்படலாம்.

சரி, கூரைக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் சூரியன் நேரே தலைக்கு மேலே வருவது வருடத்தில் இரண்டு தரம், ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும். அந்த மாதங்களில் மத்தியான வெயிலைச் சுவரைவிடக் கூரைதான் வாங்குகிறது.

கொங்கிறீற் கூரை பகல் முழுக்கச் சூட்டைக் குடித்து வைத்துக்கொண்டு, நாங்கள் படுக்கப் போகும் நேரத்தில் கீழே விடும். இரவு ஒன்பது மணிக்குக் கட்டிலில் படுத்துக்கொண்டு மேலே கையை நீட்டினால் முகட்டிலிருந்து சூடு இறங்குவது தெரியும். அதனால் இரவு மட்டும்தான் ஏசி போடுவோம், சின்னது காணும் என்ற கணக்கு மொட்டைக் கொங்கிறீற்றுக்குக் கீழே சரிவராது. மேலே இன்னொரு மாடி இருந்தால் கதை வேறு, அந்த அறைக்குக் கூரை வெயிலே இல்லை.

சீற் கூரை இதற்கு நேரெதிர். மத்தியானம் அடுப்பு மாதிரி. சீலிங்கும் இல்லாவிட்டால் எந்த ஏசியும் திணறும். ஆனால் பொழுதுபட்டு ஒரு மணித்தியாலத்தில் ஆறிவிடும், ஏனென்றால் சூட்டைப் பிடித்து வைக்க அதில் தடிப்பு இல்லை. ஆகவே சீற் வீட்டுக்காரர் முதலில் கேட்க வேண்டியது பகலா இரவா என்றுதான்.

ஓட்டு வீடுகள், அதுவும் பழைய உயரமான முகடு வைத்த வீடுகள், தனி ரகம். சுவருக்கும் கூரைக்கும் இடையில் காற்றுப் போய்வர இடைவெளி விட்டுத்தான் கட்டினார்கள், 1990க்குப் பிறகு வருடக்கணக்காகக் கறண்டே இல்லாமல் நாங்கள் அந்த வீடுகளுக்குள் தாக்குப்பிடித்ததற்கு அந்த இடைவெளியும் ஒரு காரணம். ஆனால் ஏசி போட நினைத்தால் அதே இடைவெளிதான் எதிரி. குளிர் அறைக்குள் தங்காது, வெளி ஈரம் உள்ளே வரும், 24000 போட்டாலும் வளவுக்குத்தான் குளிர். சீலிங் அடித்து, யன்னலுக்கு மேலே உள்ள காற்றுத் துவாரங்களை அடைத்து, கதவு யன்னல் சீராகப் பூட்டுப்படுகிறதா என்று பார்த்த பிறகு அளவைப் பற்றிக் கதைக்கலாம். அதைச் செய்ய மனமில்லாவிட்டால் ஏசி வேண்டாம், நல்ல ஃபான் ஒன்றோடு அந்த வீட்டை அது கட்டப்பட்ட விதத்திலேயே இருக்கவிடுங்கள் என்பேன்.

இனிக் கணக்கு. நான் பாவிப்பது கைக்கணக்குத்தான், ஆனால் எங்கள் பக்கத்து அறைகளுக்குப் பொருந்தி வருகிறது. மேலே மாடி உள்ள அறைக்கும், சீலிங் அடித்த சீற் அறையில் இரவுப் பாவனைக்கும் சதுர அடிக்கு 60 பி.ரி.யூ. வெயில் படும் கொங்கிறீற்றுக்குக் கீழே 80. சீலிங் இல்லாத சீற்றுக்குக் கீழே பகலில் 100, சில இடத்தில் அதற்கும் மேலே. இரண்டு பேருக்கு மேல் படுக்கும் ஒவ்வொருவருக்கும் 400 கூட்டிக்கொள்ளுங்கள். மேற்குப் பக்கம் 4க்கு 4 அடிக் கண்ணாடி யன்னல் திரை இல்லாமல் இருந்தால் பின்னேரத்தில் அது ஒன்றே 2000, 2500 கொண்டுவரும், அதற்கு மெஷினைப் பெரிசாக்காமல் வெளியே ஒரு தட்டியைக் கட்டுங்கள்.

அம்மாவின் அறை 144 சதுர அடி. மேலே மாடி இருந்திருந்தால் 8640, அதாவது 9000 காணும். மேலே மொட்டைக் கொங்கிறீற் என்பதால் 11520, ஆக 12000. எந்தப் பக்கத்தால் கூட்டினாலும் 18000 வரவில்லை. தையல் கடைக்கு 180 சதுர அடி, சதுர அடிக்கு 100, நேரே 18000. எங்கள் வீட்டில் இருக்க வேண்டியது அங்கேயும் இல்லை, அங்கே இருக்க வேண்டியது எங்கள் வீட்டில் இருந்தது.

9000 யாருக்கு என்றால், 10க்கு 10, 10க்கு 12 அறைகளில் இரண்டு பேர் இரவில் படுப்பவர்களுக்கு. இதைக் குறைவாக நினைக்கிற பழக்கம் எங்கள் ஆக்களிடம் இருக்கிறது, கலியாண வீட்டில் கதைக்கும்போது 9000 என்று சொல்லக் கூச்சப்படுகிறார்கள். தேவையே இல்லை. மறைப்பான அறையில் நல்ல இன்வேர்ட்டர் 9000, அதாவது தேவைக்கேற்ப வேகத்தைக் குறைத்து ஓடும் ரகம், மெதுவாக, நிற்காமல், இரவு முழுக்க ஈரத்தை இழுத்துக்கொண்டு ஓடுவதுபோலச் சுகமான நித்திரை வேறொன்றிலும் வராது. இழுப்பது 0.8 கிலோவாட் அளவு, அதுவும் முழு வேகத்தில் ஓடினால்.

12000தான் இங்கே கூடுதலான படுக்கையறைகளுக்குச் சரியான அளவு என்று நினைக்கிறேன், ஏனென்றால் எங்கள் புது வீடுகளில் பெரும்பாலானவை ஒரு தளம், மேலே மொட்டைக் கொங்கிறீற், அறைகள் 12 அடியைச் சுற்றி. சந்தேகமாக இருந்தால் இதை எடுங்கள், ஆனால் இன்வேர்ட்டராக எடுங்கள்.

18000ஐப் படுக்கையறைக்கு எடுக்க முதல் இரண்டு தரம் யோசியுங்கள். பெரிய அறை, கடை, கந்தோர், பகல் முழுக்கச் சனம் போய்வரும் இடம், அதற்கு அது சரி. பிள்ளைகளின் அறைக்கும் உங்கள் அறைக்கும் சேர்த்து இடையில் கதவைத் திறந்துவிட்டு ஒரு 18000 என்று சிலர் போடுகிறார்கள். மெஷின் இருக்கும் அறை உறையும், மற்ற அறை அவியும். அந்த இடத்தில் இரண்டு 9000 போடுங்கள், பூட்டுகிற செலவு கூடத்தான், ஆனால் தேவைப்படும் அறையில் மட்டும் ஓடும், ஒன்று பழுதானாலும் ஒன்று மிஞ்சும். 24000 விறாந்தையோடு சேர்ந்த பெரிய ஹோலுக்குத்தான் வரும். குசினியும் ஹோலும் மறைப்பில்லாமல் ஒன்றாகக் கிடக்கிற வீடுகளில் அது மாதம் மாதம் பில்லில் அழ வைக்கும். ஹோலுக்கு ஃபான் போதும் என்பது என் அபிப்பிராயம்.

இன்வேர்ட்டரைப் பற்றிக் கடைகளில் ஒரு கதை சொல்வார்கள், "அது தானே குறைச்சு ஓடும், பெரிசாக எடுத்தாலும் பிரச்சினையில்லை" என்று. பாதிதான் உண்மை. சாதாரண மெஷினுக்கு ஒரே வேகம், ஓடும் அல்லது நிற்கும். இன்வேர்ட்டர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு போகும், ஆனால் அதற்கும் ஒரு கீழ் எல்லை உண்டு, அதற்குக் கீழே குறைக்க முடியாமல் அதுவும் நின்று நின்றுதான் ஓடும். மெஷின் பெரிதாகப் பெரிதாக அந்த எல்லையும் மேலே வரும். அதோடு, அறை சட்டென்று குளிர்ந்து மெஷின் ஆகக் குறைந்த வேகத்தில் ஓடும்போது தகடுகள் அவ்வளவு குளிராக இராது, தண்ணீர் பிடிபடாது. பெட்டியில் அல்லது கையேட்டில் குறைந்த அளவும் கூடிய அளவும் இரண்டும் அச்சிட்டிருக்கும், நடுவில் இருக்கும் எண்ணை மட்டும் பார்க்காமல் குறைந்ததையும் பார்த்து வாங்குங்கள். ஒரே விலைக்கு இரண்டு மெஷின் என்றால் குறைந்த எண் எதில் சிறிதோ அதை நான் எடுப்பேன்.

கறண்ட் விசயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். எங்கள் வீடுகளுக்கு வருவது கூடுதலாக 30 அம்பியர் ஒற்றை இணைப்பு. மோட்டர், அயன், கேத்தில் எல்லாம் அதிலேயே தொங்குகிறது. சாதாரண 18000, 24000 புறப்படும் நொடியில் தன் ஓட்டத்தைப்போலப் பல மடங்கு இழுக்கும், பின்னேரங்களில் வோல்டேஜ் இறங்குகிற பக்கங்களில் லைற் மங்குவது அதனால்தான். இன்வேர்ட்டர் மெதுவாகப் புறப்படும். எதுவாக இருந்தாலும் பிரதான பெட்டியிலிருந்து தனி வயரும் தனி பிரேக்கரும் இழுங்கள், இருக்கிற பிளக்கில் சொருகவே வேண்டாம். பில்லில் மாதம் 180 யூனிற்றைத் தாண்டினால் அதற்கு மேலே வரும் ஒவ்வொரு யூனிற்றும் ஆகக் கூடிய விலைக்குத்தான். இரவு எட்டு மணித்தியாலம் ஓடுகிற மெஷின், சராசரியாக 0.5 கிலோவாட் இழுத்தால் மாதம் 120 யூனிற், 0.8 இழுத்தால் 192. உங்கள் பழைய பில்லை எடுத்து அதோடு கூட்டிப் பாருங்கள்.

வெளி மெஷின் வைக்கிற இடத்தையும் பார்க்க வேண்டும். பருத்தித்துறை, குருநகர், காரைநகர் மாதிரிக் கடல்காற்று நேரே அடிக்கும் இடங்களில் வீட்டின் மறுபக்கத்தில், தகடுகளுக்குப் பூச்சுப் பூசிய மெஷினாக வையுங்கள். கள்ளருக்குப் பயந்து கம்பிக்கூடு அடிப்பது சரி, ஆனால் காற்றை மறிக்காத கூடாக இருக்கட்டும். மதிலுக்கும் சுவருக்கும் இடையில் நெருக்கி வைத்தால் தான் விட்ட சூட்டையே திரும்ப இழுத்து, 12000 மெஷின் 12000 தராது.

மெஷினைப் பெரிசாக்க முதல் கூரைக்குச் செலவழியுங்கள், இதை நான் ஆரைக் கண்டாலும் சொல்கிறேன். கொங்கிறீற்றின் மேலே வெள்ளைப் பூச்சு, சீற்றுக்குக் கீழே பளபளப்பான தாள் ஒட்டிய விரிப்பும் சீலிங்கும், அல்லது எங்கள் பெரியவர்கள் செய்ததுபோல மேலே கிடுகு. எங்கள் வீட்டில் சோலர் தகடுகள் போட்டபோது கூரைக்கு நிழலும் சேர்ந்து கிடைத்தது. ஒரு மெஷினை ஒரு படி சின்னதாக எடுக்க இது காணும், கறண்ட் போன நேரத்திலும் அந்தக் குளிர்ச்சி வேலை செய்யும்.

கடைசியில் என்ன செய்தோம் என்றால், எங்கள் 18000ஐத் தையல் கடை அக்கா விலைக்கு எடுத்தா. சீலிங்கும் அடித்து, அயன் பண்ணுகிற மேசையை வெளி விறாந்தைக்கு மாற்றினா, 1000 வாட் அயன் ஒன்று மட்டும் 3400 பி.ரி.யூ. கொட்டும். இப்போது கடையில் மெஷின் பகலிலேயே இடைக்கிடை மூச்சு விடுகிறது. அவவின் பழைய 9000 மகனின் அறைக்குப் போனது, அதுவும் சீற்தான், ஆனால் சீலிங் இருக்கிறது, இரவில் மட்டும் ஓடுகிறது. கடையில் நாள் முழுக்கக் கத்திய அதே மெஷின் அங்கே சத்தமில்லாமல் ஓடுகிறது.

அம்மாவின் அறைக்கு 12000 இன்வேர்ட்டர், 26இல், கூடவே ஃபான் மெதுவாக. போன திருவிழாவுக்கு அண்ணா குடும்பத்தோடு வந்தார், ஏழு பேர் அந்த அறைக்குள் பாய் விரித்தார்கள். படுக்கிற நேரம் போடாமல் பின்னேரம் ஆறு மணிக்கே போட்டு, சுவரும் முகடும் ஆறட்டும் என்று கதவைப் பூட்டி வைத்துவிட்டேன். இரவு பத்து மணிக்குச் சப்பறம் பார்த்துவிட்டு வந்து படுத்தவர்கள் விடிய நாலரைக்குத் தேருக்குப் போக எழுப்பும்வரை எழும்பவில்லை. அண்ணா மட்டும் எழும்பி ரிமோட்டைத் தேடியிருக்கிறார், குளிருதென்று 27க்கு ஏற்ற.